விசில் அண்ணனின் மூச்சு வகுப்பு

தங்கச்சிமடத்தில் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று எது வலித்தாலும் அதற்கு விசில் அண்ணன்தான் முழுப்பொறுப்பு. டாக்டரெல்லாம் அவருக்கு அடுத்தபடிதான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேலையை விட்டாரே ஒழிய விசிலை விடவில்லை. இப்போது மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார். அங்கே யார் உயிரை வாங்குகிறாரோ!

இங்கே இருந்தவரை தினமும் காலை ஆறு மணிக்கு, பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பொட்டலில் பத்துப் பன்னிரண்டு கிழடுகளை வரிசையாக நிறுத்துவார். நானும் ஒரு கிழடு. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக உட்கார்ந்தே இடுப்பைத் தொலைத்தவன். தரையில் உட்கார்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. நாலு மாதத்தில் மகள் கல்யாணம். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். “நாற்காலி போட்டுக்கலாம்ப்பா” என்றாள் அவள். மறுநாளே வரிசையில் போய் நின்றேன்.

ஒரு விசில் என்றால் அப்படியே நிற்க வேண்டும். ரெண்டு விசில் என்றால் கையைத் தூக்கி மூச்சை இழுக்க வேண்டும். நீள விசில் வந்தால்தான் மூச்சை விட்டுக் கையை இறக்கலாம்.

“மெதுவாத் தூக்குங்கப்பா! பழைய கடல் பாலத்துல ரயில் ஊர்ந்து போச்சுல்ல, அந்த வேகம் போதும். மூச்சு படியில தொங்கக் கூடாது, உள்ள ஏத்துங்க!”

மீன் விற்கும் மரியபுஷ்பம் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. “மூச்சு ஏறிருச்சுண்ணே. மூட்டுவலிதான் இறங்க மாட்டேங்குது.”

“அது பாட்டுக்குப் பின் சீட்டுல இருக்கட்டும் தாயி. டிரைவர் சீட்டுல மட்டும் உக்கார விட்றாத.”

ஒருநாள் அண்ணன் ரெண்டு விசில் அடித்தார். நாங்கள் கையைத் தூக்கினோம். ஸ்டாப்பில் நின்றிருந்த ராமநாதபுரம் பஸ்ஸும் கிளம்பிவிட்டது! அதன் கண்டக்டர் டீ கிளாஸும் கையுமாக, “ஏலே, நிப்பாட்டுலே!” என்று பின்னால் ஓடினார். விசில் அண்ணனும் ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினார். ஒரு விசில் அடித்தால் பஸ் நின்றிருக்கும். அந்தப் பதற்றத்தில் முப்பது வருஷக் கண்டக்டருக்கு அது மறந்துபோனது.

நாங்கள் தூக்கிய கையோடு மூச்சை அடக்கி நின்றோம்.

“விட்டுரலாமா தம்பி? உசுரு போகுது” என்றார் மரியபுஷ்பம் அக்கா.

“விசில் வரலையேக்கா” என்றேன். அவ்வளவு பயம் அவர்மேல்.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. வலி வந்ததும் பதறிப்போய் உடம்பை முறுக்குகிற பழக்கம் போனது. முதலில் முக்காலி, அப்புறம் தலையணை, அப்புறம் வெறும் மணை என்று இறங்கி வந்தேன்.

கல்யாணத்தன்று பாதிச் சடங்கில் இடுப்பு பிடுங்கி எடுத்தது. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டேன். மகள் கையைப் பிடித்துக் கொடுக்கும்வரை எழவில்லை. அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

போட்டோவுக்கு விசில் அண்ணனைக் கூப்பிட்டேன். “இங்கன வாங்கண்ணே, எம் பக்கத்துல உக்காருங்க.”

அவர் குனிந்து காதோடு சொன்னார். “ஏலே, எனக்கு முட்டி மடங்கிப் பத்து வருசமாச்சு. உக்காந்தா எந்திரிக்க ஏலாது.”

“அப்ப எங்களை மட்டும் அந்தப் பாடு படுத்துனீக?”

“உனக்கு வந்துருச்சுல்ல. போதும்.”

விடுவேனா? “உக்காருங்க, நான் தூக்கி விடுறேன்” என்றேன். ஒரு காலை நீட்டியபடி, வெட்கமும் சிரிப்புமாக உட்கார்ந்தார்.

படம் எடுத்ததும் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். இடுப்பு சுளீரென்றது. வலிக்கட்டும், அண்ணனையல்லவா தூக்கினேன்.