பின்வாசலுக்கு வரி

ஒரு காட்டில் முன்பெல்லாம் வெயில்காலம், மழைக்காலம் என்று இரண்டு காலங்கள்தான் இருந்தன. புலியார் ஆட்சிக்கு வந்த பிறகு வரிக்காலம் என்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

அந்தக் காட்டின் கிழக்குச் சரிவில் ஏகாம்பரம் என்றொரு முள்ளம்பன்றி, மனைவி தில்லைநாயகியோடும் இரண்டு குட்டிகளோடும் வாழ்ந்துவந்தார். கிழங்கு தோண்டுவது தொழில். தோண்டியதில் ஒரு பங்கை அரசுக் களஞ்சியத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பது சட்டம். புலி கிழங்கு தின்னாது என்பது குட்டிகளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஏகாம்பரம் அதையெல்லாம் கேட்கமாட்டார். ஆளே இல்லாத ஒற்றையடிப் பாதையிலும் இடப்பக்கமாகவே நடக்கிற ஆசாமி அவர்.

அந்த ஆண்டு விதிகள் மாறின. இருவாச்சிப் பறவை ஒன்று மரத்துக்கு மரம் பறந்து அறிவித்தது. இனிமேல் பழைய முறை, புதிய முறை என்று வரி கட்ட இரண்டு வழிகள். பழைய முறையில் குட்டிகளுக்கு வரிக்கழிவு உண்டு, உதிர்ந்த முள்ளுக்குத் தேய்மானம் உண்டு. புதிய முறையில் அதெல்லாம் கிடையாது, ஆனால் வரி குறைவு. எது லாபம் என்று அவரவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது மாற்றியதாக ஆகாது.

ஏகாம்பரம் ஒரு வாரம் கிழங்கு தோண்டவே போகாமல் விதிகளைப் படித்தார். புதிய முறைதான் லாபம் என்று தெரிந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுதியது போன்ற எழுத்தில் இப்படி இருந்தது: 'ஒரு வளைக்கு எத்தனை வாசலோ, அத்தனை வீடு.'

ஏகாம்பரத்தின் வளைக்கு முன்பக்கம் ஒரு வாசல், பின்பக்கம் ஒரு வாசல்.

"அப்போ நமக்கு ரெண்டு வீடு, ரெண்டு வரி" என்றார் மனைவியிடம்.

"பின்வாசல் தப்பிச்சு ஓடுறதுக்கு வச்சிருக்கோம். அது எப்படிங்க வீடாகும்?"

"தப்பிச்சு ஓடுறதுக்குன்னு எழுதிக் குடுத்தா, யார்கிட்டேருந்துன்னு கேப்பாங்க."

ஏகாம்பரம் அன்றைக்கே மண்ணை அள்ளிப் பின்வாசலை அடைத்தார். அடைத்துவிட்டு, அரை நிம்மதியோடும் அரைப் பயத்தோடும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

பக்கத்துப் புதரில் சாந்தமூர்த்தி என்ற சருகுமான் இருந்தார். வரிக்காலம் பிறக்கும் அன்று காலையிலேயே கணக்குக் கொடுத்துவிடுவார். தின்ற புல்லை இதழ் இதழாக எண்ணி எழுதியிருப்பார். அந்த ஆண்டு கட்ட வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கட்டியிருந்ததால், அரசாங்கம் அவருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

"கணக்குன்னா ஓடைத் தண்ணி மாதிரி இருக்கணும் ஏகாம்பரம். அடியில கிடக்கிற கல்லு வரைக்கும் தெரியணும்" என்பார்.

ஏகாம்பரத்துக்கும் அப்படி இருக்கத்தான் ஆசை. ஆனால் அவருக்கு வாய்க்கவில்லை. முதலில் பதற்றத்தில் பழைய முறை என்று குறித்துவிட்டார். பிறகு திருத்தி, புதிய முறை என்று குறித்தார். அதை உறுதி செய்ய மரங்கொத்தி வந்து மரத்தில் சில தட்டுத் தட்டும். அதே தாளத்தில் உடனே திருப்பித் தட்ட வேண்டும். ஏகாம்பரத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். திருப்பித் தட்டியது பக்கத்து மரத்து ஓணானின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொட்டிய கிழங்கோ, இன்னும் பிறக்காத ஆண்டின் வரவாகப் பதிவானது.

ஓலைகள் வரத் தொடங்கின. ஏன் கட்டவில்லை என்று ஒன்று. ஏன் அதிகமாகக் கட்டினீர் என்று ஒன்று. ஓணானுக்கும் உமக்கும் என்ன உறவு என்று மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் ஏகாம்பரம் விளக்கம் எழுதினார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் இரண்டு ஓலைகள் வந்தன. அவர் இளைத்துப்போனார். வெளியே தலைகாட்டவே கூச்சப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சாந்தமூர்த்தியைக் காட்டின் முன்மாதிரி வரிதாரர் என்று அறிவித்தார்கள். வரி ஆய்வாளரான சிறுத்தையார் தம் இருப்பிடத்திலேயே பாராட்டு விழாவும் விருந்தும் வைத்தார். சாந்தமூர்த்தி உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு போனார். பாராட்டு நல்லபடியாக நடந்தது. விருந்தும் நடந்தது. விருந்து எது என்பதில்தான் சாந்தமூர்த்திக்குக் கடைசி நேரத்தில் ஒரு குழப்பம் வந்தது.

மறுநாள் இருவாச்சி இரங்கல் செய்தி சொன்னது. இயற்கை மரணம் என்றது. சிறுத்தை சருகுமானைத் தின்பது இயற்கைதான் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஏகாம்பரம் நண்பனுக்காக அழுதார். அழுகையோடு அழுகையாக, 'நமக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லையே' என்றும் ஒரு மூலையில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டார்.

சில நாள் கழித்து ஒரு மாலையில் வளையின் முன்வாசல் இருண்டது. சிறுத்தையார் குனிந்து உள்ளே பார்த்தார். பக்கத்தில் விதி ஓலைக்கட்டைச் சுமந்துகொண்டு குமாஸ்தா கொக்கு ஒற்றைக்காலில் நின்றது.

"ஏகாம்பரம்தானே? நேரடி ஆய்வுக்கு வந்திருக்கோம். வாசல் எத்தனை?"

"ஒண்ணுதாங்க ஐயா. பின்வாசலை அடைச்சிட்டேன்."

"ரொம்ப நல்லது" என்றார் சிறுத்தையார். மனப்பூர்வமாகவே சொன்னார்.

தில்லைநாயகி குட்டிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு அடைத்த மண்ணில் முதுகை ஒட்டி நின்றாள். ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் முள் விறைத்தது. கொக்கு தொண்டையைச் செருமியது.

"அதிகாரி முன்னாடி முள்ளை விறைக்கிறது அவமதிப்பு. புது விதி. தண்டம் உண்டு."

ஏகாம்பரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முள்ளைப் படிய வைத்தார். அது அத்தனை எளிதாக இல்லை. ஒவ்வொரு முள்ளையும் தனித்தனியாகச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. சிறுத்தையார் ஒரு காலை உள்ளே வைத்தார். அவர் மூச்சின் சூடு ஏகாம்பரத்தின் மூக்கில் பட்டது.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றது கொக்கு. "இவங்க கணக்கை ஒரு தடவை பார்த்துடறது நல்லது."

"எதுக்கு?"

கொக்கு விதிக்கட்டைப் பிரித்து வாசித்தது. "தின்றவர், தின்னப்பட்டவரின் வாரிசு எனக் கருதப்படுவார். இந்த வருஷம் சேர்த்தது. வரவேண்டியதும் அவரைச் சேரும், கட்டவேண்டியதும் அவரைச் சேரும்."

"அது தெரியும். சாந்தமூர்த்திக்கு வரவேண்டியது எனக்குத்தான் வந்துச்சு."

"அவர் கணக்கு சுத்தம் ஐயா. இது வேற." கொக்கு இன்னொரு ஓலைக்கட்டை எடுத்தது. அது விதிக்கட்டைவிடப் பெரிதாக இருந்தது. "ரெண்டு முறையிலயும் கணக்குக் குடுத்திருக்காரு. பொறக்காத வருஷத்துக்கு வரி கட்டியிருக்காரு. ஒரு ஓணானைக் கூட்டாளியாச் சேர்த்திருக்காரு. பதிமூணு ஓலைக்குப் பதில் பாக்கி. வாரிசு நேர்ல வந்து விளக்கணும். புலியார் முன்னாடி."

"எப்போ?"

"அவர் சாப்பாட்டு நேரத்துல."

சிறுத்தையார் உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தார். ஏகாம்பரத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "ரொம்ப இளைச்சிருக்கீங்களே" என்றார். குரலில் உண்மையான கவலை இருந்தது. "நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? ராத்திரியில தனியா அலையாதீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்களுக்குத்தான் சிரமம்."

"கணக்கைச் சீக்கிரம் சரி பண்ணிடறேங்க ஐயா" என்றார் ஏகாம்பரம், பழக்க தோஷத்தில்.

"அவசரமே இல்ல" என்றாள் உள்ளிருந்து தில்லைநாயகி.

அவர்கள் போன பிறகு அவள் திரும்பிப் பின்வாசலைத் தோண்டினாள். ஏகாம்பரம் தடுக்கவில்லை. அவரும் போய்க் கூடத் தோண்டினார்.

செய்தி காடெங்கும் பரவியது. முயல்கள், கேளையாடுகள், காட்டுக்கோழிகள் எல்லாம் ஏகாம்பரத்திடம் வந்து தங்கள் கணக்கையும் கெடுத்துத் தரச் சொல்லிக் கேட்டன. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஒரு முயலின் வளையை ஒரு கோழியின் பேரில் எழுதினார். கோழியின் முட்டைக்குத் தேய்மானம் கேட்டார். அடுத்த வரிக்காலத்துக்குள் அந்தக் காட்டில் ஒரு பிராணியும் தின்னத்தக்கதாக இல்லை. சிறுத்தையார் காலையில் எழுந்து எல்லார் வளைக்கும் போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தார். தாம் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தார்.

தாம் போட்ட விதியில் தாமும் மாட்டிக்கொண்டதால் புலியாருக்கும் பசி வந்தது. அவர் யோசித்து, ஒரு தள்ளுபடித் திட்டம் அறிவித்தார். எல்லா நிலுவையும் ரத்து. எல்லா ஓலையும் ரத்து. நேரில் வந்தால் 'நிலுவை இல்லை' என்று சான்றிதழ் வழங்கப்படும், இலவசமாக.

தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டதுமே காடு குதூகலித்தது. விடிவதற்குள் ஆற்றங்கரையில் புலியார் போட்டிருந்த பந்தல்வரை வரிசை நின்றது. ஏகாம்பரம் சரிவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான கணக்கு. வாழ்நாள் முழுக்க அவர் விரும்பியது அது ஒன்றைத்தான்.

"போய்ட்டு வந்துடட்டுமா?" என்றார்.

"போறதுன்னா போங்க" என்றாள் தில்லைநாயகி. "ஆனா அந்த வரிசையைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க."

ஏகாம்பரம் பார்த்தார். எத்தனையோ அரசு வரிசைகளில் நின்றவர் அவர். எந்த வரிசையும் இவ்வளவு வேகமாக நகர்ந்து அவர் பார்த்ததில்லை.

நீதி: அரசாங்கத்துக்குக் கொஞ்சம் பாக்கி வை. நீ நீண்ட நாள் வாழ வேண்டும் என்று உன் குடும்பத்துக்கு வெளியேயும் ஒருவர் வேண்டிக்கொள்வார்.