ஒரே தேதிக்கு இரண்டு அம்பு

1957இல் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்தருகே ஒரு மாடியில் பலகை தொங்கியது: 'பல்கலைக்கழகமும் முதலீட்டுக் கம்பெனியும் இணைந்து நடத்தும் பண ஆராய்ச்சி நிலையம்'. எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கம்பெனி என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டுப் போட்ட மனிதரிடம் அப்படியெல்லாம் கேட்பது மரியாதையா என்ன!

புரொபசர் முத்துலிங்கம் தேயிலைக் கொழுந்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார், பஞ்சாங்கத்தைப் புரட்டுவார், கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ஏறுமா இறங்குமா என்று முத்திரை குத்திய சீட்டு ஒன்று தருவார். விலை ஏறுமென்றால் மேல்நோக்கி அம்பு, இறங்குமென்றால் கீழ்நோக்கி. படிக்காதவர்கள் மீது ஆராய்ச்சிக்கு அவ்வளவு கருணை.

முதல் சீட்டுகள் இலவசம். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் அடுத்தடுத்துக் கொடுத்த இரண்டு சீட்டும் பலித்தன. அவ்வளவுதான், தொழிலாளர் குடியிருந்த லயமே மாடிப்படியில் நின்றது. பணத்தைக் கொடுத்தால் ஏலத்தில் போட்டு மூன்று மடங்காக்கித் தருவாராம். அந்த லயத்து வீரய்யா கறவை மாட்டை விற்றார். மனைவி அழகம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த வாரம் தங்கை மகளின் காதுகுத்துக்கு நல்லதண்ணி என்ற ஊருக்குப் போனாள் அழகம்மா. தங்கை வீட்டுச் சுவரில் அதே முத்திரையோடு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அம்பு கீழே பார்த்தது. அது பலிக்கவில்லை என்றும், பிறகு புரொபசர் அந்தப் பக்கமே வரவில்லை என்றும் தங்கை சொன்னாள். அழகம்மா அதை உரித்து மடியில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீரய்யா மாட்டுப் பணத்தை நீட்டும்போது அவள் குறுக்கே வந்து, தங்கள் லயத்துச் சீட்டையும் தங்கை வீட்டுச் சீட்டையும் புரொபசரின் மேசையில் வைத்தாள். மாடிக்குக் கீழே கடை வைத்திருந்த முனாப் எட்டிப் பார்த்து, இரண்டிலும் ஒரே ஏலத் தேதி என்று உரக்கப் படித்தார்.

"எங்களுக்கு ஏறும்னீங்க. என் தங்கச்சிக்கு இறங்கும்னீங்க. எப்படிங்கய்யா?"

இடத்துக்கு இடம் கிரகப் பார்வை மாறும் என்றார் புரொபசர்.

"கொழும்புல ஏலம் ஒண்ணுதானுங்களே?"

புரொபசர் இருமினார். அழகம்மா விடவில்லை.

"சரிங்க. வர்ற ஏலத்துக்கு, எல்லாரும் பாக்க இந்தச் செவத்துல ஒரே ஒரு அம்பு போடுங்க. மேலயோ கீழயோ, ஒண்ணே ஒண்ணு."

முனாப் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கொடுத்தார். புரொபசர் அதை வாங்கிச் சுவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பல்கலைக்கழகத்தின் அனுமதி வரவேண்டும் என்றார். அனுமதி வரும்வரை பணம் எங்கள் கையிலேயே இருக்கட்டும் என்று வீரய்யா நோட்டுகளைத் திரும்ப மடித்தார். முன்பே கொடுத்திருந்தவர்கள் மேசையைச் சுற்றி வளைத்து, பெட்டியைத் திறக்கவைத்துத் தங்கள் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். சாயங்கால ரயிலில் ஆராய்ச்சி ஊரைவிட்டுப் போனது.

படியிறங்கும்போது அதே லயத்துக் கந்தப்பன் மெல்லக் கேட்டார்: "அப்ப விலை ஏறுமா இறங்குமா, நீயாவது சொல்லு தங்கச்சி."

"தெரியாதுண்ணே," என்றாள் அழகம்மா. "அவருக்கும் தெரியாது."

கேள்வி கேட்பதற்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை. அதனால்தானோ என்னவோ, நம் ஜனங்களுக்கு அதன்மேல் மதிப்பே இல்லை.