நாற்பத்தொன்றாம் நம்பர்

மேலான அத்தான் ஈசாக் அவர்களுக்கு,

பாறசாலையிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ராஜையா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மஸ்கட் வெயிலும் உங்கள் முதலாளியும் உங்களிடம் இரக்கமாயிருக்க ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். உங்கள் தங்கை புஷ்பபாய்க்கு முட்டுவலி குறைவு, வாய் பழையபடியே.

கல்யாண மண்டபம் கட்டுவதற்காக உங்கள் பட்டாளத்துவிளை நிலத்தை உதியன்குளங்கரைப் பார்ட்டிக்கு விற்கும் காரியம் என்னவாயிற்று என்று போனில் கேட்டீர்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை, ஆகவே கடிதம். உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட நீங்கள் எழுதித் தந்த முக்தியார் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மண்டபம் வந்தால் எனக்கு மேனேஜர் வேலை, ஏசி அறை, சுழல் நாற்காலி என்று பேசி வைத்திருக்கிறீர்களே, அதையும் மறக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் நின்றே பிழைத்த கண்டக்டருக்கு நாற்காலி என்றால் சும்மாவா?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் பிரசீதா டீச்சர். தனுவச்சபுரத்தில் சரித்திரம் நடத்துகிறவர். ஏதோ பழைய ஓலையில், அந்தக் காலத்து நாட்டுப் பிரபுக்களான இரண்டு மாடம்பிகள் படையோடு நம் விளையில் மோதியதாகவும், ஒரு பக்கம் நாற்பத்தொரு பேர் விழுந்ததாகவும் வாசித்துவிட்டார். பெயர் ஒன்றும் இல்லை, எண்ணிக்கை மட்டும். அதற்கு அவர் என்ன செய்தார் என்றால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரையும் சாயங்காலம் பஸ்ஸில் கூட்டி வந்து, ஆளுக்கொரு நம்பர் கொடுத்து, செத்தவர்களைப் போல விளையில் படுக்க வைத்து, வருகை எடுக்கிற ஹாஜர் புத்தகத்தைத் திறந்து நம்பர் விளிக்கிறார். படுத்திருக்கிற பிள்ளை ‘ஹாஜர்’ என்கிறது. பெயர் இல்லாதவனுக்குப் பதில் சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா என்பது டீச்சரின் கேள்வி. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே சர்வேயர் எப்படிப் பத்திரத்துக்கு அளவு எடுக்க முடியும்? விரட்டலாமென்று நானே போனேன்.

“எலே மக்கா, இது விலை பேசின எடமாக்கும். வீட்டுக்குப் போங்க” என்றேன்.

லீடர் ஜோஸ்னா படுத்தபடியே சொன்னாள்: “மாமா, செருப்ப ஊருங்க. நீங்க சவிட்டிட்டு நிக்கியது பதினேழாம் நம்பராக்கும். விலை பேசினப்ப இவியகிட்ட ஆராவது கேட்டாவளா?”

செருப்பைக் கழற்றினேன். வேறு என்ன செய்ய? டீச்சர் விளித்துக்கொண்டே வந்து நாற்பதை முடித்து நாற்பத்தொன்று என்றார். வகுப்பில் ஆள் தீர்ந்துபோயிற்று. பதில் இல்லை. மறுபடியும் விளித்தார். காற்றில்லை, ஒரு இலை அசையவில்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை அத்தான். யாரோ “ஹாஜர்” என்றார்கள். பார்த்தால் நான்.

அன்று முதல் தினமும் படுக்கிறேன். வேலையில் இருந்த காலமெல்லாம் ஆட்களின் கையைத்தான் பார்த்தேன், ஆகாயத்தைப் பார்த்ததில்லை. மேகம் நிதானமாகப் போகிறது, நாகர்கோவில் வண்டி எங்கேயோ கூவுகிறது, கண் சொக்குகிறது. நேற்று அந்த நாற்பத்தொரு பேரும் ஈட்டியோடு என் பஸ்ஸில் ஏறினார்கள். எங்கே இறங்கணும் என்று ஒவ்வொருத்தனாகக் கேட்டேன். எல்லாரும் “வீட்டுக்கு” என்றார்கள். பையில் துழாவினேன், அப்படியொரு டிக்கெட் இல்லை. நான் அழுதிருக்கிறேன் போல. எழுப்பியது சர்வேயர் சஜு.

“அண்ணா, கொஞ்சம் மாறிக் கெடங்க, டேப்பு பிடிக்கணும்.”

“செத்தவன் எப்பிடி பிள்ளே மாறிக் கெடப்பான்?”

அவன் யோசித்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனான். உங்கள் தங்கைதான் சண்டைக்கு வருகிறாள்: “செத்தவனுக்கு வேண்டி ஹாஜர் சொல்லப் போறதுக்கு வெள்ளச் சட்டையா? மண்ண ஆரு அலக்குவா?”

ஆனால் நீங்கள் ஒன்றும் பயப்பட வேண்டாம். குடும்பம் வேறு, கனவு வேறு. வியாழக்கிழமை பதிவு. முக்தியாரோடு போய்க் கையெழுத்துப் போடுவேன், இது உறுதி. உங்கள் தலையில் மிச்சமிருக்கிற முடியில் ஒன்றும் கீழே விழாமல் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு, சொன்ன சொல் தவறாத
ராஜையா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன், இன்று வெள்ளி. நேற்றுப் பதிவு ஆபீஸ் பெஞ்சில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். மணி நாலாயிற்று, பிள்ளைகள் விளைக்கு வருகிற நேரம். இன்றைக்கு அந்த நாற்பத்தொன்றாமவனுக்கு யார் பதில் சொல்வார்கள் என்று நினைத்தேன். எழுந்து பஸ் ஏறிவிட்டேன். பார்ட்டி கோபித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாற்காலியும் போயிற்று, வருத்தம்தான். இதற்கிடையில் டீச்சருக்கு இன்னொரு ஓலை கிடைத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் முப்பத்தாறு பேராம். எதிரியாகப் படுக்க ஊரில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. முதல் நம்பருக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். லீவு போட்டு வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்துக்கு அது பொருந்தும். உங்கள் இடம் எனக்கு நேர் எதிரே, பலாமரத்து மூட்டில். நல்ல நிழல்.