கேர்ஃபுல் அங்கிள் வாதாடிய எங்கள் வழக்கு

கேர்ஃபுல் அங்கிள் ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால் அங்கே யாராவது விழுவார்கள், விழுந்தவர் சார்பில் அவரே வழக்கும் போடுவார் என்று எங்கள் குடும்பம் அந்நாளில் உறுதியாக நம்பியது. இர்விங் முதல் பிளானோ வரை அவரை விருந்துக்கு அழைத்த தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. டெக்சாஸ் முழுவதிலும் அவரளவுக்கு மனிதர்களைக் கலங்கடித்த இன்னொருவரை நான் கண்டதில்லை. இத்தனைக்கும் அவர் ஐந்தடி உயரம். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

விபத்தில் அடிபட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடுவது அவர் தொழில். தோற்றுவிட்டால் மேல்முறையீட்டுக்கும் அவரே போவார். ஆயுள் முழுவதும் உடைந்த எலும்புகளைப் பற்றியே படித்தவருக்கு, உலகத்துப் பொருள்கள் எல்லாம் யாரையோ காயப்படுத்தக் காத்திருப்பவையாகத் தோன்றின. பிள்ளைகளைக் கண்டால் ஹலோ சொல்ல மாட்டார், ‘கேர்ஃபுல்’ என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பட்டுப்புடவை உடுத்தியவர்கள் குத்துவிளக்கு ஏற்றினால், பின்னால் தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் நிற்பார். எந்த ஆண்டின் விழாப் படத்திலும் அந்தச் சிவப்பு உருளை இருக்கும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து என்றால், சாம்பார் குக்கரின் வயரைத் தரையோடு மஞ்சள் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் தட்டை எடுப்பார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் நான் தரைவிரிப்புகளைச் சுருட்டி அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவேன்.

ஃப்ரீவே, டோல்வே என்று வேகமாகப் போகும் பெருஞ்சாலை எதிலும் ஏறமாட்டார். சர்வீஸ் ரோட்டிலேயே ஊர்ந்து எங்கள் வீடு வந்து சேர்வதற்குள், அவர் மனைவி மைதிலி ஆன்ட்டி போட்ட பஜ்ஜி விறைத்துப் போயிருக்கும்.

“டோல்வேல வந்தா அரை மணி நேரந்தானே அங்கிள்?” என்று என் கணவர் சேகர் ஒருமுறை கேட்டார்.

“அரை மணி நேரத்துல வரலாம்னு கெளம்பினவங்கதான் சேகர் என் க்ளையன்ட்ஸ்.”

அவர் வீட்டு கராஜில் கார் நின்றதே இல்லை. முடிந்துபோன வழக்குகளின் சான்றுப் பொருள்கள் நின்றன: முறிந்த ஏணி, வெடித்த டயர், ஒரு கால் இல்லாத உணவக நாற்காலி. ஆன்ட்டியின் கார் வெயிலில் காய்ந்தது. “தூக்கிப் போடுங்கன்னா, ஒவ்வொண்ணும் ஒரு ஆளுங்கறார்மா. எனக்கென்னமோ டயராத்தான் தெரியுது” என்பார் ஆன்ட்டி.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், மளிகைக் கடை பார்க்கிங்கில் பின்னோக்கி வந்த டெலிவரி டிரக் ஒன்று சேகரை இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடந்தவர், குனிந்து விசாரித்த போலீஸ்காரரிடம் சொன்னது இது: “ஐ ஆம் ஃபைன், ஆபீசர். நோ ப்ராப்ளம். சாரி.”

போலீஸ்காரரின் சட்டையிலிருந்த கேமரா அதைப் பதிவு செய்துகொண்டது. ஐசியூவில் படுத்துக்கொண்டே ‘ஒண்ணுமில்ல, லேசா ஜுரம்’ என்று ஊருக்கு போன் பண்ணும் வம்சம் நாங்கள். வேறெப்படிச் சொல்வார்?

முதல் அறுவை சிகிச்சை பலிக்கவில்லை. இரண்டாவது நடக்காவிட்டால் சேகர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது. அதற்கான பணம் கிடைக்க வழக்கில் வென்றாக வேண்டும். தெருவில் குப்பை வண்டி பின்னோக்கி வரும் ஒலி கேட்டாலே நான் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள்கள் அவை. யாரைக் கண்டு அஞ்சினோமோ அவரையே அழைத்தேன்.

விசாரணைக்கு முன் அங்கிள் சேகரைப் பல நாள் பழக்கினார்.

“யார் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாலும் உள்ளதைச் சொல்லணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அங்கிள்.”

“இப்போ எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் அங்கிள்.”

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இடுப்பு ஒடஞ்சது உங்களுக்கா எனக்கா?”

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் புன்னகையோடு கேட்ட முதல் கேள்வி, “எப்படி இருக்கிறீர்கள்?” சாட்சி சொல்ல வந்த சேகர், “வெரி ஃபைன் சார், தேங்க் யூ” என்றார். அங்கிள் கண்களை மூடிக்கொண்டார். அடுத்துக் கேமராப் பதிவையும் ஓடவிட்டார்கள். நலமா என்றால் நலம் என்றே சொல்லும் எங்கள் வழக்கத்தை விளக்க, அங்கிள் என்னைச் சாட்சியாக அழைத்தார். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி என்னைப் பேச விடவில்லை. ஜூரி எங்களுக்கு எதிராக முடிவு சொன்னது.

அங்கிள் மேல்முறையீடு செய்தார். அங்கே சாட்சிகள் கிடையாது. மூன்று நீதிபதிகளும் அவர்கள் கேட்கும் கேள்விகளுமே. அன்று காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் தனியாக அமர்ந்திருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

“பயமா இருக்கா அங்கிள்?”

“எப்பவும் இருக்கும்மா, மொத கேஸ்லேர்ந்தே. மைதிலிகிட்ட சொல்லிடாதீங்க. வேலைய விடச் சொல்லிடுவா.”

எங்களை நடுங்க வைத்த மனிதர் எங்கள் எல்லாரையும்விட நடுங்கியவர் என்பதை நான் அறிந்தது அப்போதுதான். இவரை நம்பியா சேகரின் கால்கள்?

உள்ளே, நடுவில் இருந்த நீதிபதி கேட்டார்: “அந்த மனிதர் தானே நலம் என்று சொல்லியிருக்கிறார். ஜூரி அதை ஏன் நம்பக் கூடாது?”

நான் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். அங்கிள் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: “இந்த மேடைக்கு வந்தபோது எப்படி இருக்கிறீர்கள் என்று தாங்கள் என்னைக் கேட்டீர்கள். நலம் என்றேன். தயவுசெய்து என் கையைப் பாருங்கள்.”

மேசையைப் பற்றியிருந்த வலக்கையை விடுவித்து உயர்த்தினார். காற்றில் பிடித்த காகிதம் போல அது நடுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை. நீதிபதிகள் அதன்பின் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

என்னைப் பேச விட்டிருக்க வேண்டும், வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. இரண்டாம் விசாரணைக்குக் காத்திராமல் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு இறங்கியது. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் அங்கிள் போன் செய்தார்.

“எப்படி இருக்கீங்க சேகர்?”

“வலி உயிர் போகுது அங்கிள்.”

“அப்பாடா” என்றார் அங்கிள்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த அங்கிள் எழுந்திருக்கவில்லை. எவருடைய கவனக்குறைவும் இல்லாத மரணம் என்றார் ஆன்ட்டி. அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

சனிக்கிழமைகளில் மைதிலி ஆன்ட்டி எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். சேகர் மெல்ல நடந்து போய்த் தட்டுகளை எடுத்து வைக்கிறார். மூன்று பேர் இருக்கிறோம்.