லேசர் டாக்டர் வாயைத் திறந்தார்

பல் டாக்டர்கள் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. வர வேண்டிய நோயாளியைத்தான் காணோம்.

வாய்க்குள் வளரும் சதைக் கட்டியைக் கத்தியில்லாமல், தையலில்லாமல் லேசரால் எடுத்துக் காட்டுகிறேன் என்று அத்தனை பேரையும் லேசர் டாக்டர்தான் வலிய அழைத்திருந்தார். இன்று சொதப்பினால் பத்துப் பேர் வாயிலும் அவர்தான் அவல்.

"அவர் வர மாட்டார் போலிருக்குங்க" என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த அவர் மனைவி.

டாக்டர் வாசலை எட்டிப் பார்த்தார். இத்தனைக்கும் லேசர் டாக்டரின் கன்னத்துக்குள்ளேயே, கடித்துக் கடித்து, பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. ஆனால் மனிதருக்கு ஊசி என்றாலே உதறல். மனைவி கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்று ஒரு வருஷமாக டிமிக்கி கொடுத்து வந்தார்.

சமாளிக்க, தன்னிடம் வேலை பார்க்கும் ஜூனியர் டாக்டரின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு தக்காளியை வாங்கி அதன்மேல் லேசரைக் காட்டினார். தோல் கருகிப் புகைந்தது.

"வலிச்சுதான்னு தக்காளியக் கேளுங்க டாக்டர்!" என்றார் முன்வரிசையில் இருந்த வழுக்கைத்தலை டாக்டர். அறையே சிரித்தது.

"ஏங்க, இத்தனை டாக்டருங்க இருக்காங்களே. ஒருத்தர் வாயிலகூடவா கட்டி இருக்காது?" என்றாள் மனைவி.

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதானே! எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்க வாயப் பாருங்க!"

டார்ச்சுகள் எரிந்தன. பத்து வாய்கள் திறந்தன.

"இந்தப் பல்லை எவன் அடைச்சான்? சுவத்துக்குப் பூசின மாதிரி இருக்கு!"

"நீங்கதான் சார் அடைச்சீங்க!"

கட்டி மட்டும் எவர் வாயிலும் இல்லை. வழுக்கைத்தலை டார்ச்சை லேசர் டாக்டர் பக்கம் திருப்பினார். "உங்க வாய் பாக்கியிருக்கே?"

"என் வாயில ஒண்ணும்..." என்று அவசரமாகச் சொல்லப்போனவர் கட்டியை நறுக்கென்று கடித்துக்கொண்டார். "ஆ!"

திறந்த வாய்க்குள் வெளிச்சம் பாய்ந்தது. "அடடே! கட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கே!"

"அது தானா சரியாயிடும்..."

"என் பேஷண்டுங்களும் இதத்தான் சொல்றாங்க. உங்க லேசரை நீங்களே நம்பலைன்னா நாங்க எப்படி நம்பறது?"

இனித் தப்ப வழியில்லை. டாக்டர் நாற்காலியில் ஏறிப் படுத்தார். லேசரைத் துடைக்க மட்டுமே அனுமதி பெற்றிருந்த ஜூனியர் டாக்டரைப் பார்த்து, "நீயே செய்ம்மா" என்றார் பரிதாபமாக.

எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். டாக்டர் கண்ணை இறுக மூடினார்.

"ஊசி எப்பம்மா போடப்போற?"

"போட்டாச்சு சார்."

கன்னம் மரத்ததும் லேசர் முனை கட்டியின் அடியைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. லேசாகப் புகை. அவ்வளவுதான். பட்டாணி இடுக்கியோடு வந்துவிட்டது. ரத்தம் இல்லை, தையல் இல்லை. ஜூனியர் அதைப் பரிசோதனைக்கு அனுப்பக் குப்பியில் போட்டபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

டாக்டர் துள்ளி எழுந்தார். "வழிக்கவே இழ்ழை!" என்று பாதி உதட்டால் முழங்கினார். ஒரு வருஷப் பயம் ஒழிந்த சந்தோஷத்தில் லேசரை ஜூனியர் கையிலேயே கொடுத்து, "இனி லேழர் உன்னுழு" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் அங்கேயே லேசர் வாங்குவதென்று முடிவு செய்தார்கள். வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றியை அவர் கண்டதில்லை.

சாயங்காலம், காலையில் வராத அந்த நோயாளி சாவகாசமாக வந்து நின்றார்.

"ஏங்க, காலையில வராம என்னை இப்படித் தவிக்க விட்டுட்டீங்களே!" என்றார் டாக்டர்.

நோயாளி விழித்தார். "உங்க வீட்டம்மாதானே டாக்டர் போன் பண்ணி, 'நீங்க சாயங்காலம் வாங்க, காலையில அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்து வச்சிருக்கேன்'னு சொன்னாங்க!"