நூல்கண்டு அண்ணாச்சியின் வெள்ளை நூல்

ஒரு நட்டைக்கூடக் கையால் தொடாமல் ஒரு முழுக் காரை ஏழு மாதம் கழற்றிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் ராஜபாளையத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவுக்கு அவர் நூல்கண்டு அண்ணாச்சி.

நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லில் ஒரு ரக நூல் இன்னொன்றோடு கலந்துவிடாமல் இருக்க, நூல் சுற்றும் அட்டைக் கோனுக்குக் கோன் நிறம் மாற்றி வைப்பார்கள். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வீட்டுச் சாவிக்குச் சிவப்பு நூல், பீரோ சாவிக்குப் பச்சை, பிரஷர் மாத்திரை டப்பாவுக்கு மஞ்சள். சட்டைப் பையில் எந்நேரமும் நாலைந்து நூல்கண்டுகள் உருண்டுகொண்டிருக்கும். நான் இரவல் வாங்கிய ஏணிக்குக்கூட ஊதா நூல் கட்டித்தான் கொடுத்தார், ஏணியைத் தொலைத்துவிடுவேன் என்பது போல.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு பழைய அம்பாசிடர் சிக்கியது. முதல் மாடல், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கை கியர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய மாமனார் ஓட்டிய வண்டி. மாமனார் காலமான பிறகு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலோடு வைக்கோலாகக் கிடந்தது. அதில் மறுபடியும் ஒரு தடவை ஏறிப் போக வேண்டும் என்று மதினிக்கு, அதாவது அண்ணாச்சியின் மனைவிக்கு, அப்படி ஓர் ஆசை. கார் மதினியின் தம்பி வசம் இருந்தது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். சிரித்தால் அபராதம் என்பது போன்ற முகம். ஒரு புரட்டாசியில் காரை லாரியில் ஏற்றிவிட்டபோது நிபந்தனையும் சேர்த்தே ஏற்றினார்.

“மச்சான், நல்லாக் கேட்டுக்கோங்க. அடுத்த புரட்டாசி கடேசி சனிக்கெழம இது தானா ஓடி என் வாசலுக்கு வரணும். எல்லாரும் இதுலயே திருவண்ணாமலைக்குப் போவோம். வந்துச்சுன்னா ஆர்.சி. புக்கு ஒங்களுக்கு. கழட்டிப் போட்டு மூட்டையாக் கட்டி வச்சிருந்தீயன்னா எடைக்குப் போட்டுருவேன். எங்க அப்பா கார மூட்டையாப் பாக்க என்னால ஏலாது.”

அவர் சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களின் சொந்தத் திருவண்ணாமலை. மலைமேல் பெருமாள், புரட்டாசி சனி என்றால் கூட்டம் தாங்காது.

அண்ணாச்சி அதுவரை சைக்கிள் பஞ்சரைக்கூடக் கடையில் கொடுத்து ஒட்டியவர். மில் மிஷின்களைக் கழற்றி மாட்டியிருக்கிறாரே தவிர, கார் அவருக்குக் கன்னி முயற்சி. முதல் மாதம் முழுவதும் காரைப் பார்த்தார். எதிரே நாற்காலி போட்டு, மடியில் நோட்டு வைத்துக்கொண்டு, வெறுமனே பார்த்தார்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இதுல கால்வாசி நேரங்கூட பாக்கல தம்பி, அவிய” என்றார் மதினி.

அடுத்து ஒரு காந்தத்தில் துணியைச் சுற்றிக் காரின் உடம்பெல்லாம் ஓட்டினார். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைத்துப் பட்டி பூசிய இடமாம். அங்கெல்லாம் சத்திரப்பட்டியிலிருந்து வாங்கி வந்த பேண்டேஜ் துணியை ஒட்டினார். பத்து நாளில் கார் விபத்து வார்டில் படுத்திருக்கும் நோயாளி மாதிரி ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து நலம் விசாரித்தார்கள்.

“இன்ஜினை எப்போ அண்ணாச்சி பாக்கப் போறீங்க?” என்று கேட்டேன்.

“ஆடிப்பூரத் தேரப் பாத்திருக்கீயளா தம்பி? இழுக்க ஊரே நிக்கும். சக்கரத்துல கட்டயப் போட்டு நிறுத்துறவன் நாலே பேரு. எனக்கு அந்த நாலு பேரு மொதல்ல வேணும். பிரேக்கு முடிஞ்ச பொறவுதான் இன்ஜினு.”

எனக்கு அன்றைக்குத்தான் லேசாகப் பயம் கலந்த மரியாதை வந்தது.

ஐந்தாம் மாதம் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். காரை அதன் முழு அளவில் சாக்பீஸால் தரையில் வரைந்திருந்தார். கழற்றப் போகிற சின்னச் சாமான்கள் எல்லாம் படத்தில் அதனதன் இடத்தில் உட்கார வேண்டுமாம். மழையில் அழியாமல் இருக்க மேலே தகரம் போட்டாகிவிட்டது. படத்துக்குள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நான் பாட்டுக்குக் கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன்.

“டோரத் தொறக்காம எப்பிடி உள்ள வந்தீய? எறங்குங்க.”

இறங்கி, இல்லாத கதவைத் திறந்து, ஏறி, சாத்தினேன். சரியாகச் சாத்தவில்லை என்று இன்னொரு தடவை சாத்த வைத்தார். வத்தல் எடுக்க வந்த மதினியைப் பின்சீட்டில் ஏற்றினார். அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போகிற மாதிரி காற்றில் கியரைப் போட்டார்.

“எங்க வந்திருக்கோம்?” என்றார் மதினி.

“மம்சாபுரம் வெலக்கு தாண்டியாச்சு.”

“செத்த நிறுத்துங்க. அடுப்புல பாலு வச்சிருக்கேன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் காலை அழுத்திப் பிரேக் போட்டார். மதினி கதவைத் திறந்துதான் இறங்கினார்.

எட்டாம் மாதம் ஒருவழியாக ஸ்பேனர் வெளியே வந்தது. கழற்றும் ஒவ்வொன்றிலும் நூல். பிரேக்குக்குச் சிவப்பு, இன்ஜினுக்குப் பச்சை, வயரிங்குக்கு மஞ்சள், கதவுக்கு நீலம். முன்சீட்டின் முதுகில் ஓடிய இரும்புப் பட்டையில் மட்டும் வெள்ளை நூல் தொங்கியது. அங்கே ஆணியால் கீறிய ஒரு கோடு இருந்தது.

“இதையும் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சிரலாமே?” என்றேன்.

“வெள்ளைன்னா கழட்டவும் கூடாது, தொடவும் கூடாது. ஒங்க மதினியும் அவ தம்பியும் சின்னப் பிள்ளைல சீட்டுக்குச் சண்ட போட்டுப் பாகம் பிரிச்ச கோடு அது.”

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த வங்கிக்கு லீவு நாள். அண்ணாச்சி மதுரைப் பட்டறையில் கடைசல் பிடிக்க இன்ஜினை எடுத்துப் போயிருந்தார். சாமான்களைச் சீமெண்ணெயில் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் மேதாவி அல்லவா? கொதிக்கிற வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து அத்தனையையும் அண்டாவில் போட்டேன். பிசுக்கு போனது. கூடவே சாயமும் போனது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் ஒரே சேற்று நிறம். எது எங்கிருந்து வந்தது என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது. புரட்டாசிக்கு இரண்டே மாதம். சுபேதார் தராசோடு வாசலில் நிற்பது கண்ணில் ஓடியது. மதினி அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் என்னைக் கொன்றது.

சாயந்தரம் அண்ணாச்சி வந்தார். அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சாமானை எடுத்து நூலைத் தடவினார்.

“மூணு முடிச்சு. பிரேக்கு. நீளம் நாலு வெரக்கட, கடேசில மாட்டுறது.”

அடுத்ததை எடுத்தார். “ஒத்த முடிச்சு. இன்ஜினு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிறம் பார்வைக்கு, முடிச்சு பகுதிக்கு, நூலின் நீளம் வரிசைக்கு!

“காலமெல்லாம் மில்லுல கெடந்தவன் தம்பி. சாயத்த நம்பி ஒரு வேல ஆரம்பிப்பனா?”

“எனக்கும் மூணு முடிச்சுதான் போட்டாரு. நான் என்ன பார்ட்டுன்னு கேளுங்க” என்று மதினி சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த மனிதரைக் கும்பிட்டேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே.

புரட்டாசி கடைசி சனிக்கிழமை காலை கார் கிளம்பியது. அண்ணாச்சி ஓட்ட, நான் முன்னால், மதினி பின்னால். மம்சாபுரம் விலக்கு வந்ததும் மதினி “பாலு அடுப்புல இல்ல, நிறுத்த வேண்டாம்” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுபேதார் வாசலில் அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். கோலத்தின் மேல் படாமல் ஒரு சாண் முன்னாலேயே கார் நின்றது.

சுபேதார் வண்டியை மூன்று சுற்று சுற்றினார். பானட்டைத் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். குறை கண்டுபிடிக்கிற ஆளாகத்தான் பின்கதவைத் திறந்தார். முன்சீட்டின் முதுகில் வெள்ளை நூலும், அதற்குக் கீழே அந்தக் கோடும் தெரிந்தன. விரலால் கோட்டைத் தடவினார். பிறகு ஏறி, கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

“அக்கா, நீ கோட்டத் தாண்டி வந்தேன்னா அப்பாட்டச் சொல்லிருவேன்.”

மதினி தன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி கண்ணாடியில் அவர்களைப் பார்க்காமல், காற்றில் அல்லாமல் நிஜமாகவே கியரைப் போட்டார். கார் மலையைப் பார்த்துக் கிளம்பியது.

அடுத்த மாதமே எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிட வந்த அண்ணாச்சி என் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பஸ் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன். பையின் கைப்பிடியில் வெள்ளை நூல் கட்டியிருந்தது.

பை இப்போது கிழிந்துவிட்டது. தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் தினமும் திட்டு. நான்தான் போடாமல் வைத்திருக்கிறேன்.