கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னொரு கார்மென்

மெக்காய்,
பிப்ரவரி 24, விடாத மழை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை டேரிலுக்கு,

உங்கள் மாமியார் கார்மென் ஸ்பிடெரி எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே டவுன்ஸ்வில் மருத்துவமனையில் உங்கள் முதுகெலும்பும் அதில் டாக்டர்கள் முடுக்கிய திருகாணிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போய், நீங்கள் சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும் என்று புனித பவுலிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மால்டாவில் பாம்பு கடித்தும் கையை உதறிவிட்டுப் போனவர் அவர்தான் என்பதால், உங்கள் முதுகையும் உங்கள் பாம்பையும் அவர் ஒன்றாகவே கவனித்துக்கொள்வார் என்று நம்பிக்கை. இந்த ஒன்பது வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. கிறிஸ்துமஸ் அட்டையில் போட்ட கையெழுத்துகளைச் சேர்க்கவில்லை.

கூரைக் குழாயில் அடைத்த இலையை எடுக்கப் போய் நீங்கள் ஏணியோடு சரிந்த அன்று, ஆம்புலன்ஸில் ஏறுமுன் ஷார்லீன் என் கையில் வீட்டுச் சாவியைத் திணித்து, “அம்மா, பாம்பை மட்டும் பாத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு க்ளெம் டேனா, கரும்பு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், உங்களுக்குத் தெரியாதவரா என்ன, தன் வண்டியில் அந்தக் கண்ணாடிப் பெட்டியை ஏற்றி வந்து என் பின்னறையில் இறக்கினார். பெட்டி மேல் நீங்கள் ஒட்டிவைத்திருந்த விதிகள் அடங்கிய தாளை, மாத்திரைப் பெட்டிக்குள் வரும் தாளைப் படிப்பதுபோலத்தான் படித்தேன், அதாவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. உறைந்த எலியைப் புட்டிங் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அது வாயைப் பிளந்து எலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொண்ட அழகில் இடுக்கியோடு அப்படியே நின்றுவிட்டேன். முடிந்ததும் வாயை மறுபடி அகலத் திறந்தது, ஒரு பக்கம் கோணியது, மறுபக்கம் கோணியது, மூன்று தடவை. தாடை கழன்றுவிட்டது என்று நினைத்து வேலிப் பக்கம் ஓடி க்ளெமைக் கூப்பிட்டேன். அவர் செருப்பைக்கூடப் போடாமல் வந்து பார்த்தார்.

“கொட்டாவி விடுது கார்மென். அவ்வளவு பெருசா விழுங்கினா தாடையைச் சரி பண்ணிக்க வேண்டாமா. இனிமே படுத்துக்கும், நீ போய் வேலையைப் பாரு.”

சொன்னபடியே விளக்கின் கீழே போய், வயிற்றில் ஒரு முடிச்சோடு சுருண்டு படுத்தது. படுத்ததுதான், அசையவே இல்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தகரக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களின் வழியே மாமரத்தின் பச்சை வெளிச்சம் உள்ளே வந்து அறையே தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தது, பாம்பின் விலா ஒருமுறை மெல்ல ஏறி இறங்கியது, அடுத்ததற்குக் காத்திருந்தேன், கண் விழித்தபோது மணி நாலு. அறுபத்தாறு வயதில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்கியது அதுவே முதல் தடவை. கனவில் என் வீட்டுக்காரர் சால்வு உயிரோடு வந்து, பின்னறையை நன்றாக ஒழுங்கு பண்ணியிருக்கிறாய் என்றார்.

அவர் பாராட்டியதால்தானோ என்னவோ, மறுநாள் பெட்டியையும் சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றியது. பாம்பை அலுங்காமல் இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். சாப்பிட்ட இரண்டு நாளுக்குத் தொடவே கூடாது என்று நீங்கள் அடிக்கோடிட்டு எழுதியிருந்ததை, அந்த எலி முழுசாக என் மடிக்குத் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன். பவுல் திருவிழாவுக்கு என்று எடுத்துவைத்திருந்த பாவாடை. அந்த வாடையைப் பற்றி எழுதினால் உங்களுக்கு மருத்துவமனைச் சாப்பாடு இறங்காது. சாயங்காலம் ஷார்லீன் போனில் கேட்டபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அங்கே நீங்கள் அசைய முடியாமல் கிடக்கிறீர்கள், அன்றுதான் இரண்டாவது தடவை உங்களை அறுத்திருந்தார்கள், இங்கே நீங்கள் என்னை நம்பி விட்ட ஒரே உயிரை நான் கெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பத்து நாள் கழித்து அதன் கண் போயிற்று. போயிற்று என்றுதான் நினைத்தேன். இரண்டு கண்ணிலும் பால் கலந்த நீலம் படர்ந்து, உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்து, ஜமுக்காளம் மாதிரி பளிச்சென்றிருந்த அதன் கோலங்கள் மங்கி, தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. எலியை நீட்டினால் சீறிக்கொண்டு கண்ணாடியில் வந்து மோதியது. நான் செய்த பாவம்தான் அதன் கண்ணைக் குருடாக்கிவிட்டது என்று அழுதுகொண்டே தலையணை உறையில் அதைப் போட்டு முடிந்து, க்ளெமின் வண்டியில் நீங்கள் வழக்கமாகப் போகும் மிருக டாக்டரிடம் போனேன். எங்களோடு ஒரு கிளியும் இரண்டு நாயும் காத்திருந்தன. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, “கார்மென் வரலாம்” என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். டாக்டர் லோர்கன் கணினியைப் பார்த்தபடியே, கார்மென் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று கேட்டார். காலையில் ரொட்டியும் ஒரு முட்டையும் என்றேன். வயிறு கழிந்து எத்தனை நாள் ஆச்சு என்றார். டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று, இன்று காலை, உங்கள் அக்கறைக்கு நன்றி என்றேன். எடை பார்க்கலாமா என்று அவர் சொல்ல, நான் பையைக் கீழே வைத்துவிட்டு, மேஜை மேல் இருந்த அந்தச் சின்னத் தராசில் எப்படி ஏறுவது என்று கேட்டபோதுதான் அவர் நிமிர்ந்து என்னையும் தலையணை உறையையும் மாறி மாறிப் பார்த்தார். க்ளெம் எழுந்து வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் சிரித்தது உள்ளே கேட்டது.

ஒன்பது வருடமாக ஷார்லீன் என் காதுபட அந்தப் பாம்பின் பெயரை ஏன் சொன்னதே இல்லை என்று எனக்குப் புரிந்தது, மாப்பிள்ளை. டாக்டர் நல்ல மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதற்கு ஒரு கேடும் இல்லை, தோல் உரிக்கப்போகிறது, பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் நீர் ஊறுவதால்தான் கண் இப்படி, வாந்தி எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, “இப்ப அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா. கிட்ட வர்றது யாருன்னு தெரியலை. கோபம்னு நீங்க நினைக்கிறது பயம். சாப்பாடு வேண்டாம், தொட வேண்டாம், ஈரம் மட்டும் காயாம பாத்துக்கோங்க” என்றார்.

அன்று சாயங்காலமே உங்களுக்கு வேறொரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். அது மிகவும் மரியாதையான கடிதம், படித்திருந்தால் உங்கள் திருகாணிகள் கழன்றிருக்கும். மூன்றாம் நாள் க்ளெம் வேலி வழியே வாழைப்பழம் கொடுக்க வந்தபோது, பாம்பின் பெயர் அவருக்கு முன்பே தெரியுமா என்று பிடித்துக்கொண்டேன். பழச் சீப்பை வேலி மேல் வைத்தார்.

“தெரியும். உங்க வீட்டுக் கல்யாணம் ஆன வாரம் டேரில் வாங்கினான். ஏன்டா இந்தப் பேருன்னு நானே கேட்டேன். ஒரு கார்மெனாவது என்கிட்ட பழகட்டும்னு வெச்சேன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், ஆனா சிரிப்பா இல்லை.”

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். சால்வுவின் பழைய துவாலையால் பெட்டியை மூடி, ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு, அதன் வழியே பார்த்துக்கொண்டு அந்த நீல நாள்களை அங்கேயே கழித்தேன். வெளியே மழை, உள்ளே அந்த நீலக் கண்கள், மனிதர் முகமே தெரியாமல் எங்கோ தூரத்துக் கடலைப் பார்ப்பதுபோல. எந்த நாள் என்பதுகூடச் சில சமயம் மறந்துபோனது. அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலையில் இரவெல்லாம் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நேராக என் வீட்டு விருந்துக்கு வருவீர்களே, முயல் குழம்பு சாப்பிட்ட கையோடு என் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவீர்களே, அது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. என் சமையலுக்கும் எனக்கும் செய்த அவமரியாதை என்று எடுத்துக்கொண்டு, உங்கள் காதோரம் தட்டுகளை அடுக்குவேன், தூசி தட்ட வேண்டும் என்று தலைக்கடியிலிருந்து குஷனை உருவுவேன். ஒரு தடவை நீங்கள் திடுக்கிட்டு எழுந்து கத்தினீர்கள், அதை நான் ஊர் முழுக்கச் சொன்னேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

பிறகு கண் தானாகத் தெளிந்தது. ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கோயில் கடைக்கு என்று பாலாடைக்கட்டி வைத்த பஸ்டீட்ஸிப் பலகாரங்களை அடுப்பில் வைத்துவிட்டு, காலை பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தேன். கிளையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உதட்டோரத்தில் தோல் பிரிந்து, காலுறையைக் கழற்றுவதுபோல உள்பக்கம் வெளியே வர, தன் பழைய உடம்பிலிருந்து தானே மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தது. மழை கொஞ்சம் விட்டு வெயில் அடித்த நேரம், புதுத் தோல் ஈரமாக மின்னியது. வீடெல்லாம் புகை. முப்பத்தாறு பஸ்டீட்ஸியும் கரி. கிழியாமல் முழுசாகக் கிடைத்த அந்தத் தோலை, கண்ணின் மேலிருந்த இரண்டு சின்னக் கண்ணாடிச் செதில்கள் உட்பட, ரொட்டித் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். கோயிலுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஆகவே, உங்கள் உடைமை பத்திரம். எனக்கு அதன் மேல் தனியாகப் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை, வீடு திரும்பியதும் எடுத்துப் போகலாம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நேரில் பார்க்கும்போதும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். இன்று மாலைத் தபாலில் இதைச் சேர்த்துவிடுகிறேன். ஷார்லீனுக்கு என் முத்தங்கள். உங்களுக்கு ஆண்டவர் எல்லா நலமும் தரட்டும், முதுகுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
மாமியார்,
கார்மென் ஸ்பிடெரி (மூத்தவள்).

பி.கு.: குடையைப் பிடித்துக்கொண்டு தபால் பெட்டி வரை போய்விட்டு, போடாமல் திரும்பிவிட்டேன். கார்மென் இன்று காலை சாப்பிட்டாள், கொட்டாவியும் விட்டாயிற்று, இனி சில நாளைக்கு அவளுக்கு நான் வேண்டாம், தண்ணீர் மாற்ற க்ளெம் இருக்கிறார். நாளைக்கு ரயிலில் வருகிறேன். மேலே எழுதியதையெல்லாம் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து வாயாலேயே சொல்லப் பார்க்கிறேன். வார்த்தை வரவில்லை என்றால் கடிதத்தைக் கையில் தந்துவிடுகிறேன், நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் படியுங்கள், நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன்.